தோளில் கிடந்த வெள்ளை

சென்ற தை மாதம் என் அக்கா மகனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் என்பதால் மாலை மரியாதையில் எனக்கும் பங்கு உண்டு. ஆல்பம் வந்ததும் புரட்டிப் பார்த்தேன். பாதிப் படங்கள் கறுப்பு வெள்ளை. கறுப்பு அட்டைக்கரியாக இருந்தது, வெள்ளை சுண்ணாம்பாக இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு ரவையைத் தூவிவிட்டதுபோல் படம் முழுக்கப் புள்ளி.

படம் எடுத்த பையன்தான் ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தான். "ஏன் தம்பி, காமிராவுல ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா, வேணும்னேதான் போட்டோம். அந்தக் காலத்துல ஃபிலிமைப் புஷ் பண்ணிக் கழுவுவாங்களாமே, அந்த எஃபெக்ட். பாக்க அழுத்தமா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் புள்ளிக்குப் பயந்தே என் உத்தியோக காலம் கழிந்தது. போலீஸ் இலாகாவின் போட்டோ பிரிவில் இருந்தவன் என்று தெரிந்ததும் பையன் விடவில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், எங்கள் குரூப்பில் போடுகிறேன் என்றான். கோர்ட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவன் நான். இங்கேயாவது கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொழில் கற்றது கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில். கல்யாண ஜோடிகளைத் தலையைச் சாய்க்கச் சொல்லிக்கொண்டு சில வருஷம் போயிற்று. பிறகு இலாகாவில் ஆள் எடுத்தார்கள், சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள், தஞ்சாவூரில் கொண்டுவந்து விட்டார்கள். பயிற்சியில் கற்றதைவிட எங்கள் பிரிவுத் தலைவர் ஞானப்பிரகாசம் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கற்றது அதிகம்.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருக்கும், ரசாயனம் கலக்கும்போதும் மடிக்க மாட்டார், அதில் ஒரு கறையும் இருக்காது. கோபம் வந்தால் குரல் தாழும். அவர் முணுமுணுத்தால் பிரிவே நடுங்கும். ஒரு படத்தைக் கொண்டுபோய் நீட்டினால், மற்றவர்கள்போல் "என்ன தெரியுது?" என்று கேட்க மாட்டார். பூதக்கண்ணாடியை நம் கையில் கொடுத்து, "இதுல என்ன தெரியலன்னு சொல்லு" என்பார். தெரிவதைச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், தெரியாததைச் சொல்லத்தான் நமக்குச் சம்பளம் என்பது அவர் கட்சி.

புஷ் செய்வது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிலிமுக்கு இவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மழை மூட்டத்திலோ சாயங்காலத்திலோ அந்த வெளிச்சம் கிடைக்காது. காத்திருந்தால் சம்பவம் முடிந்துவிடும். ஆகவே குறைந்த வெளிச்சத்திலேயே எடுத்துவிட்டு, கழுவும்போது டெவலப்பரில் கூடுதல் நேரம் விடுவோம். குறைவை அங்கே ஈடுகட்டுவதாகப் பெயர். ஆனால் ஈடு முழுதாக வராது. ஏற்கெனவே வெளிச்சம் பட்ட இடம்தான் மேலும் மேலும் ஏறும். வெள்ளை இன்னும் வெள்ளையாகும். நிழலில் இருந்தது நிழலிலேயே கிடக்கும், புள்ளி மட்டும் பெருக்கும். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்பார் சார். இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

எங்கள் ஊரில் இதற்குத் தண்ணீர் ஒரு தொல்லை. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் ஊருக்கே சந்தோஷம், எங்கள் பிரிவுக்கு மட்டும் துக்கம். குழாயில் கலங்கல் வரும். வண்டல் ஒரு துளி இருந்தாலும் ஈர ஃபிலிமில் கீறல் விழும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, காய்ச்சி, ஆறவைப்போம். வெயில் காலத்தில் சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து பாத்திரத்தைச் சுற்றி அடுக்கிச் சூட்டை இறக்குவோம். புஷ் செய்யும்போது சூடு கொஞ்சம் ஏறினாலும் புள்ளி நெல்மணி அளவுக்கு வந்துவிடும் என்று சார் மிரட்டுவார். ஃபிலிமைப் போட்டுக் கழுவும் டப்பாவைக் குலுக்குவதும் அப்படித்தான். பதமாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். "தயிர் கடையறியா?" என்று கேட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இனி அந்த வழக்குக்கு வருகிறேன்.

மயிலாடுதுறை அப்போது மாயவரம். அங்கிருந்து கிழக்கே ஒரு கிராமம், பெயர் வேண்டாம். வீரையன் என்பவர் அங்கே ஒரு மிராசுதாரின் நிலத்தைத் தன் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்துவந்தார். கழக ஆட்சி வந்த பிறகு குத்தகைக்கு உழுகிறவன் தன் பெயரைத் தாலுக்காவில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. வீரையன் மனுப் போட்டார். மிராசுதார் தரப்பிலோ, இவன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வேலை பார்க்கும் பண்ணையாள் என்றார்கள். தாசில்தார் விசாரணை நிலுவையில் இருக்கும்போதே குறுவை விளைந்து நின்றது. அந்தப் பயிரை யார் அறுக்கிறார்களோ அவர்கள் பக்கம் காற்று வீசும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார். வீரையனின் தெருவே திரண்டு வரப்பில் வந்து நின்றது. பந்தோபஸ்துக்குப் போன போலீசோடு நானும் காமிராவோடு போனேன்.

ஐப்பசி பிறக்கப்போகும் நேரம். சாயங்காலம், போதாததற்கு மூட்டம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மிராசுதார் குடையோடு நின்றார், பக்கத்தில் நான். அந்தப் பக்கம் வரப்பில் ஜனம். என் ஃபிளாஷ் வாய்க்காலைத் தாண்டாது. வெளிச்ச மீட்டரின் முள் எழுந்திருக்கவே இல்லை. ஆட்கள் அசைந்தாலும் படம் கலையக்கூடாது என்று ஷட்டரை வேகமாக வைத்தேன். ஃபிலிம் கேட்டதில் கால்வாசி வெளிச்சம்தான் அதற்குக் கிடைக்கும், மிச்சத்தை டெவலப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மிராசுதாரின் காரியஸ்தர் அப்பாதுரை வாய்க்காலில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினார். ஏதோ வாக்குவாதம். ஒரு கம்பு உயர்ந்தது. நான் அமுக்கினேன். கம்பு இறங்கியதில் காரியஸ்தரின் கை முறிந்தது. அந்த மங்கலில் இந்தப் பக்கம் நின்ற போலீசுக்கோ எனக்கோ முகம் தெரியவில்லை, நாங்கள் வாய்க்காலைத் தாண்டுவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அடித்தது வீரையன் என்று காரியஸ்தர் புகார் கொடுத்தார்.

மறுநாள் காலை சார் கேட்டது ஒன்றுதான். "எவ்வளவு கம்மி?"

"ரெண்டு ஸ்டாப் சார். கால்வாசி வெளிச்சம்தான் கெடச்சுது."

சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு அவரே உள்ளே வந்தார். அன்று டப்பாவை என் கையில் கொடுக்கவில்லை. கவிழ்ப்பார், நிமிர்த்துவார், மேஜையில் மெதுவாக ஒரு தட்டு தட்டுவார், குமிழி ஒட்டாமல் இருக்க. வழக்கமான நேரம் கடந்ததும் ஒருமுறை என்னைப் பார்த்தார். "இதுக்கு மேல ஏர்றது எல்லாம் வெள்ளைதான், ஞாபகம் வெச்சுக்க" என்றார். எவ்வளவு கூட்டுவது என்பதில் புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. கழுவி, காயவைத்து, பிரிண்ட் போட்டுப் பார்த்தோம்.

வானம் சாம்பலாக இருந்தது. அதற்கு முன்னால் ஆட்கள் கரிக்கோட்டில் வரைந்ததுபோல் நின்றார்கள். கம்பு தெளிவாக விழுந்திருந்தது. கம்பைத் தூக்கியவன் முகம் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளி மொய்த்த ஒரு கறுப்பு. இடது தோளில் மட்டும் ஒரு வெள்ளை. சலவைத் துண்டு.

சார் பூதக்கண்ணாடியை நீட்டினார். "என்ன தெரியல?"

"மொகம் சார். மூக்கு, காது, வயசு, ஒண்ணும் தெரியல."

விசாரணை இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். நல்ல மனிதர், அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. "இன்னும் கொஞ்ச நேரம் ஊற வெச்சிருந்தா மொகம் வந்திருக்குமா?" என்று கேட்டார். சார் அகப்பைப் பழமொழியைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, கம்பு தூக்கியவனை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி ஒன்று, முழுப்படம் சின்ன அளவில் ஒன்று, இரண்டும் கோர்ட்டுக்குப் போயின. எல்லாரும் பெரியதைத்தான் பார்த்தார்கள். நானும்தான்.

படத்தை எடுத்தவன் என்பதால் கோர்ட்டில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். வீரையனுக்கு விவசாயச் சங்கத்தார் வைத்திருந்த வக்கீல் இராசமாணிக்கம் எழுந்தார். இளைஞர், கோட்டு அவருக்கு ஒரு சுற்றுப் பெரியது.

"இந்தப் படத்த வெச்சு, இது இன்னார்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அந்த வெள்ளையா இருக்கறது என்ன?"

"துண்டுங்க."

"எங்க இருக்கு?"

"இடது தோள்ல."

"போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். துண்டைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சாட்சி முடிந்ததால் உள்ளேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அடுத்து காரியஸ்தர் அப்பாதுரை, கையில் கட்டோடு வந்தார். மிராசுதாரும் கோர்ட்டில் இருந்தார். கம்பு தூக்கியது வீரையன்தான், கண்ணால் பார்த்தேன் என்றார் அப்பாதுரை. இராசமாணிக்கம் அதைப்பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஊர்க்கதை பேசுவதுபோல் ஆரம்பித்தார்.

"ஒங்க ஊர்ல மிராசுதாருக்கு நல்ல மரியாதை இல்லீங்களா?"

"இல்லாம? பரம்பரையா."

"இப்பல்லாம் சில ஊர்ல காலனி ஆளுங்க மிராசுதார் எதிரயே தோள்ல துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறாங்களாமே. ஒங்க ஊர்லயும் அப்படித்தானா?"

படிக்கிறவர்களில் சிறியவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மிராசுதார் எதிரே வந்தால் வேலைக்காரர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் வழக்கம். அந்த வழக்கம் தன் ஊரில் போய்விட்டது என்று எஜமானை வைத்துக்கொண்டு நாலுபேர் நடுவில் சொல்ல எந்தக் காரியஸ்தருக்கு நாக்கு வரும்?

"எங்க ஊர்ல அந்தப் பேச்சே கெடையாதுங்க" என்றார் அப்பாதுரை. "ஐயா எதிர ஒருத்தன் தோள்ல துண்டு கெடக்காது."

"வீரையன்?"

"அவன் மட்டும் என்ன? இடுப்புலதான் கட்டுவான்."

"அன்னிக்கும்?"

"அன்னிக்கும்தாங்க. ஐயா எதிர நிக்கிறாங்கல்ல?"

மிராசுதார் மீசையைத் தடவிக்கொண்டார். இராசமாணிக்கம் படத்தை எடுத்து நீதிபதியிடம் நீட்டினார். கம்பு தூக்கியவன் தோளில் துண்டு, அரசாங்கப் போட்டோகிராபரே சொல்லியாயிற்று. வீரையனின் துண்டோ இடுப்பில், அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியே சொல்லியாயிற்று. ஆக, இது வீரையன் இல்லை. காரியஸ்தருக்குத் தான் செய்துவிட்ட காரியம் அப்போதுதான் உறைத்தது. கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினார். மனசுக்குள் வக்கீலுக்கு ஒரு சபாஷ் போட்டேன்.

அடுத்த வாய்தாவின்போது வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல அதே கோர்ட்டுக்கு வந்திருந்தேன். வராந்தாவில் இராசமாணிக்கம் வீரையனைத் தனியே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீரையனின் மனைவி அஞ்சலை.

"ஜட்ஜ் ஒங்கள ஒண்ணுதான் கேப்பாரு. மிராசுதார் எதிர துண்ட இடுப்புலதான் கட்டுவீங்களான்னு. ஆமாங்கன்னு சொல்லிட்டு நின்னுக்குங்க. கேஸ் முடிஞ்சுது. ஜெயிலுக்குப் போனீங்கன்னா தாசில்தார் விசாரணைக்கு யார் போய் நிப்பா? நெலம் அவங்க கைக்குப் போயிடும்."

வீரையன் கறுத்த, உயரமான மனிதர். நான் அவரைக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். என் படத்தில் இல்லாத மூக்கும் காதும் அவரிடம் இருந்தன.

"சொல்லிப்புடுங்க" என்றாள் அஞ்சலை. "வாய் வார்த்ததானே. ரெண்டு புள்ளைவோ இருக்கு."

உள்ளே கூப்பிட்டார்கள். காரியஸ்தர் சொன்னதை நீதிபதி படித்துக்காட்டி, "இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வீரையன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு சொல்றது பொய்ங்க. என் துண்டு தோள்லதாங்க கெடந்துச்சு. இடுப்புல கட்டறத நாங்க விட்டுட்டோம். ஆனா கம்பு தூக்குனது நான் இல்லீங்க."

இராசமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கோபம்தான். முழுகுகிறவனுக்கு ஒருவர் கட்டை எடுத்துப் போட்டால், அது எந்த மரம் என்று பார்த்துக்கொண்டிருப்பதா என்று நினைத்தேன்.

தீர்ப்பு நாளன்று எனக்கு அங்கே வேலை இல்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். நீதிபதி தணிந்த குரலில் வாசித்தார். படத்தில் முகம் இல்லை. காரியஸ்தர் ஒன்றில் பொய் சொல்லியிருக்கிறார், ஆகவே மற்றதையும் நம்புவதற்கில்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய பொய்யைத் தானே வேண்டாம் என்று தள்ளியவர் எதிரியான வீரையன். அவர் சொன்னதன் மறுபாதியைச் சந்தேகிக்கக் காரணம் தெரியவில்லை. விடுதலை.

வெளியே டீக்கடையில் வீரையன் என்னிடம் வந்தார். "அய்யா, அந்தப் படத்த ஒருதரம் பாக்கலாங்களா? உள்ள தூரத்துல வெச்சுக் காட்டுனாங்க, ஒண்ணும் தெரியல."

பையில் ஆபீஸ் காப்பியாக முழுப்படம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கம்பு தூக்கியவனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. வலது ஓரத்தில், வரப்பு வளையும் இடத்தில், ஒரு வெள்ளைக் கீற்றின்மேல் விரலை வைத்தார்.

"இதுதான் நான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கு இந்தப் பக்கம் மச்சான், அந்தப் பக்கம் சிங்காரம். நின்ன எடம் தெரியாதுங்களா?"

"அப்ப கம்பு தூக்கினது யாரு?"

"அது தெரியும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் முறையாக முழுதாகப் பார்த்தேன். முகங்கள் ஒன்றுகூட இல்லை. கண்ணில்லை, வாயில்லை, ஆணா பெண்ணா என்றுகூடச் சில இடத்தில் சொல்ல முடியாது. ஆனால் வரப்பு நெடுக, ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஒரே உயரத்தில் வெள்ளை வெள்ளையாக ஒரு வரிசை. இடுப்பு உயரத்தில் ஒன்றுகூட இல்லை. எதிரே குடை பிடித்துக்கொண்டு மிராசுதார் நின்றாரே, அவரைப் பார்த்து நிற்கிறார்கள் அத்தனை பேரும். நாங்கள் எல்லாரும் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்ததில் இது யார் கண்ணிலும் படவில்லை.

"இத கொஞ்சம் பெருசா போட்டுத் தர முடியுங்களா?" என்று கேட்டார். வழக்குப் படம், தரக்கூடாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆபீசில் ஞானப்பிரகாசம் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டவில்லை.

"அப்பீல் கெடு முடியட்டும்" என்றார். "ஒரு மொகம்கூட இல்லாத படம். யார வெச்சு யாரு அடையாளம் காட்டப்போறா? நல்ல பேப்பரா எடுத்துப் போட்டுக் குடு."

கெடு முடிந்து, மேல்முறையீடு இல்லை என்று உறுதியான பிறகு போட்டேன். கான்டிராஸ்ட் அதிகம் தரும் பேப்பராகத் தேடி எடுத்தேன். நடுவில் இருந்த கொஞ்சநஞ்சச் சாம்பலும் போகட்டும், கறுப்பு அட்டைக்கரியாகவே ஆகட்டும், புள்ளி எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கட்டும் என்று விட்டேன். அறுபதாம் கல்யாணத்துப் பையன் வேணும்னே போட்டேன் என்றானே, நான் வேணும்னே போட்டது அந்த ஒரு படம்தான்.

தாசில்தார் விசாரணை விஷயமாகத் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்கு வரும் வேலை இருந்தபோது வீரையனும் அஞ்சலையும் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள். அஞ்சலை படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னாங்க இது, ஒங்க மொகமே இதுல இல்ல?"

"மொகம் எதுக்கு?" என்றார் வீரையன். "அது ஊருக்கே தெரிஞ்சதுதானே."